பறவைக்குப் பின்னால் உள்ள நிலம்

போடிநாயக்கனூரிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை, முந்தலைத் தாண்டியதும் மலையேறத் தொடங்குகிறது. 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, சுமார் 4500 அடி உயரத்திலுள்ள போடிமெட்டை அடைகிறது. மெட்டுக்கு அப்பால் கேரளத்தின் ஏலமலை. அங்கு மழையும் நிழலும் குளிர்ச்சியும் உண்டு. ஏலக்காய் விளைவது அந்தப் பக்கம். அது ஏலத்தில் விலைபோவது இந்தப் பக்கத்துப் போடியில். விடியற்காலையில் தோட்டத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு மேலேறும் ஜீப்புகளும், மூணாறு காணச் செல்லும் பயணிகளின் வண்டிகளும் இச்சாலையில் ஓயாமல் ஓடுகின்றன. மேலே சென்றதும் வண்டியை நிறுத்தி, கீழே விரிந்து கிடக்கும் சமவெளியைப் படமெடுத்துக்கொள்வோர் மிகப் பலர். சமவெளிக்கும் மெட்டுக்கும் இடையில் உள்ள சரிவைப் படமெடுப்போர் மிகச் சிலர்.

அச்சரிவு மழைமறைவுப் பகுதி. தென்மேற்குப் பருவக்காற்று தன் நீரில் பெரும்பகுதியை மலையின் மேற்குப் புறத்தில் பொழிந்துவிட்டு, வறண்ட காற்றாகவே கிழக்கே இறங்குகிறது. ஆகவே இங்குப் பசுமை தங்குவது வடகிழக்குப் பருவமழையை ஒட்டிய சில மாதங்களே. தை கழிந்ததும் புல் வெளிறுகிறது, மாசியில் காய்கிறது, பங்குனியில் ஒரு பொறி பட்டாலும் பற்றிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடுகிறது. உடை, வெள்வேல், கிளுவை, சூரை, காரை, கள்ளி, பிரண்டை என நீரைச் சிக்கனமாகச் செலவிடப் பழகிய செடிகொடிகளே இங்கு நிலைக்கின்றன. அவற்றுள் பல முள்ளுடையவை. பல ஆளுயரத்தைத் தாண்டாதவை. விரைந்து செல்லும் வண்டியிலிருந்து பார்ப்பவருக்கு அங்கே ஒன்றும் இல்லை என்று தோன்றுவதில் வியப்பில்லை.

நின்று பார்ப்பவருக்கு வேறொரு காட்சி தெரியும். பாறையின் உச்சியில் வாலை நிமிர்த்தி நிற்கும் கருஞ்சிட்டு, பூத்த புதரை விட்டு அடுத்த புதருக்குத் தாவும் தேன்சிட்டு, புல்லின் தண்டைப் பற்றியபடி ஓயாது குரலெழுப்பும் கதிர்க்குருவி, முள்மரக் கொம்பில் காவலிருக்கும் கீச்சான் எனச் சிறு பறவைகளின் உலகம் ஒன்று அங்கே இயங்குகிறது. அடிவாரக் கரம்பு வெளிகளைச் சாம்பல் தலை வானம்பாடி தன் இடமாகக் கொள்கிறது. அது சிட்டுக்குருவியினும் சிறியது. ஆண் பறவை செங்குத்தாக மேலேறி, சிறகுகளை மூடிக்கொண்டு கல்லைப்போல் கீழே விழும். தரையைத் தொடுமுன் மீண்டும் மேலெழும். பெண் பறவையோ மண்ணின் நிறத்திலேயே இருப்பதால், அது நடந்தாலன்றிக் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. வறண்ட நிலத்துச் சிறு பறவைகளுக்கு மறைந்திருத்தலே காப்பு. நிலத்தோடு நிறத்தாலும் பழக்கத்தாலும் ஒன்றிப்போன இவற்றை நிலத்திலிருந்து பிரித்துப் பார்ப்பது பெரும்பிழை. இன்றைய பறவை ஒளிப்படக்கலை பெரும்பாலும் அப்பிழையையே திறமையாகச் செய்துகொண்டிருக்கிறது.

பரவலாகப் பாராட்டப்படும் பறவைப் படம் எப்படி இருக்கிறது? பறவை சட்டத்தை நிறைத்திருக்கும். இறகின் ஒவ்வொரு இழையும் தெளிவாகத் தெரியும். கண்ணில் ஒளிப்புள்ளி ஒன்று மின்னும். பின்னணியோ வழவழப்பான ஒரே நிறப்பூச்சாகக் கரைந்திருக்கும். பறவை அமர்ந்துள்ள குச்சியைத் தவிர வேறெதுவும் படத்தில் இராது. அப்பறவை இருப்பது போடிச் சரிவா, நகரத்துப் பூங்காவா, ஆப்பிரிக்கப் புல்வெளியா என்று படத்தைக் கொண்டு சொல்ல இயலாது. படத்தில் பறவை இருக்கிறது. அதன் முகவரி இல்லை.

இதற்குக் காரணம் கருவியின் இயல்பிலேயே உள்ளது. 600 மில்லிமீட்டர் குவியத்தொலைவு கொண்ட லென்சை முழுச்சட்டக் கேமராவில் பொருத்தி, 8 மீட்டர் தொலைவிலுள்ள பறவையைப் படமெடுத்தால், படத்தில் அடங்கும் நிலத்தின் அகலம் 48 சென்டிமீட்டர் மட்டுமே. அதாவது ஒரு முழத்தை விடச் சற்று மிகுதி. பொதுவாக வைக்கப்படும் துளை அளவில் தெளிவு நிற்கும் ஆழமோ ஏறத்தாழ 6 சென்டிமீட்டர். பறவையின் அலகு தெளிந்தால் வால்நுனி மங்கிவிடும். மலைச்சரிவு முழுவதும் கண்முன் விரிந்திருக்க, கேமரா அதிலிருந்து ஒரு முழத்தை வெட்டியெடுத்து, எஞ்சியதை அழித்துவிடுகிறது. கருவி செய்யும் இச்செயலை அழகின் இலக்கணமாகவே ஏற்றுக்கொண்டதுதான் கவலைக்குரியது. பின்னணி எவ்வளவு மங்குகிறதோ அவ்வளவு நல்ல லென்ஸ் என்னும் எண்ணம் விற்பனையாளர் முதல் போட்டி நடுவர் வரை பரவியிருக்கிறது.

பின்னணி மங்குவதால் என்ன கேடு வந்துவிடும் என்று கேட்கலாம். மழைக்காட்டைப் பொறுத்தவரை பெரிய கேடு இல்லை. அக்காட்டின் மதிப்பை உலகம் அறியும்; அதைக் காக்க வேண்டும் என்பதில் ஐயமுடையோர் சிலரே. வறண்ட புதர்நிலத்தின் நிலை அவ்வாறில்லை. அதற்கு மதிப்பு உண்டு என்பதே இன்னும் நிறுவப்பட வேண்டியதாக இருக்கிறது. நடுவண் அரசின் நிலவளத் துறை, தேசியத் தொலையுணர்வு மையத்தின் துணையுடன் 2000-ஆம் ஆண்டு முதல் சில பதிப்புகளாக வெளியிட்டுள்ள இந்தியத் தரிசுநில வரைபடநூலில், அடர்ந்த புதர்நிலம், திறந்த புதர்நிலம் ஆகியனவும் தரிசின் வகைகளாக இடம்பெறுகின்றன. பாலைநில மணல்வெளியும் அப்பட்டியலில் உண்டு. வேளாண்மைக்கும் மரம் வளர்ப்புக்கும் எவ்வளவு நிலம் கிடைக்கும் என்று கணக்கிடுவோர்க்கு அப்பாகுபாடு பயன்படலாம். ஆயின், வானம்பாடியின் கணக்கில் அது தரிசு அன்று. ஒரு நிலம் வீண் என்று எழுதப்பட்டுவிட்டால், அங்கே கல்லை உடைப்பதற்கும் குழி தோண்டி மரம் நடுவதற்கும் தயக்கம் தேவைப்படுவதில்லை. நல்லெண்ணத்தோடு நடப்படும் மரமும் புல்வெளிப் பறவைக்குப் பகையாகலாம் என்பது பலருக்கு இன்னும் புதிய செய்தியே.

பழந்தமிழர் வறண்ட நிலத்தைத் தரிசு என்று தள்ளவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரியும்போது பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்கிறது சிலப்பதிகாரம். போடியின் கிழக்குச் சரிவுக்கு இதைவிடப் பொருத்தமான வரையறை கிடைப்பது அரிது. கார்த்திகையில் முல்லையும் குறிஞ்சியுமாக நிற்கும் அதே நிலம்தான் சித்திரையில் பாலையாகிறது. பாலைக்கும் தெய்வம், பொழுது, மரம், விலங்கு, பறவை எனக் கருப்பொருள்களை வகுத்து, மற்றத் திணைகளுக்கு இணையான இடத்தை இலக்கணம் அளித்தது. பாலைப் பறவைகளாக அது எண்ணுபவை புறா, பருந்து, எருவை, கழுகு ஆகியன. பெரிய பறவைகளே கண்ணில் முதலில் பட்டன போலும்! எனினும், வெம்மை மிக்க நிலமும் உயிர்கள் வாழும் நிலமே என்ற தெளிவு அவ்வகைப்பாட்டில் இருக்கிறது.

அத்தெளிவு இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு ஆந்திரத்தின் கடப்பைப் பகுதி சான்றாகும். அங்குள்ள முட்புதர்க் காடுகளில் ஜெர்டன் கல்குருவி என்னும் பறவை வாழ்ந்தது. இரவில் இயங்குவது; தரையில் ஓடித் திரிவது. 1900-க்குப் பின் எவரும் அதைப் பதிவு செய்யாததால் அது அழிந்துவிட்டதாகவே கருதப்பட்டது. 1986 ஜனவரியில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த பரத் பூஷண் உள்ளூர் மக்களின் உதவியோடு அதனை மீண்டும் கண்டறிந்தார். அதன்பின் அப்பகுதியில் சரணாலயம் அமைந்தது. அப்படியிருந்தும், 2005-இல் தெலுங்கு கங்கைக் கால்வாய்க்கான வெட்டுப்பணி அப்பறவையின் வாழிடத்துக்குள்ளேயே நுழைந்தது. எதிர்ப்பு எழுந்த பின்னரே கால்வாயின் தடம் மாற்றப்பட்டது. புதர்க்காடு வெறும் புதராகவே பார்க்கப்பட்டதன் விளைவு இது. தார்ப் பாலைவனத்தில் கானமயில் மின்கம்பிகளில் மோதி மடிவது 2021-இல் உச்ச நீதிமன்றத்தின் ஆணை வரை சென்றது. கானமயில் பேருருவப் பறவை. அதற்காக வழக்காட ஆட்கள் இருந்தனர். கைக்குள் அடங்கும் வானம்பாடிக்காக எந்த நீதிமன்றத்திலும் வழக்கு நடப்பதில்லை. அதற்கிருக்கும் சாட்சி ஒளிப்படம் ஒன்றே. அந்தச் சாட்சியும் நிலத்தைப் பற்றி வாய் திறக்காவிட்டால் என்ன செய்வது?

நெருங்கி எடுத்த படங்களை முற்றிலும் ஒதுக்கிவிட முடியாது என்போர் கூற்றில் உண்மை இருக்கிறது. கதிர்க்குருவிகளும் நெட்டைக்காலிகளும் வானம்பாடிகளும் ஒன்றைப்போல் ஒன்று தோன்றுபவை. அலகின் பருமன், மார்பின் கோடு, பின்விரல் நகத்தின் நீளம் ஆகியவற்றைக் கொண்டே இனத்தை உறுதி செய்ய வேண்டியிருக்கிறது. அதற்கு நெருக்கமான படம் வேண்டும். மேலும், அழகிய படம் ஒன்றைக் கண்டு பறவைகளை நாடி வந்தோர் பல்லாயிரவர். தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளில் மட்டுமே வாழ்வதும், அழிவை நோக்கிச் செல்லக்கூடிய இனங்களின் பட்டியலில் உலகளவில் இடம்பெற்றிருப்பதுமான மஞ்சள் தொண்டைச் சின்னானைப் பலர் அறிந்தது அதன் மஞ்சள் நிறத் தலை பளிச்சிடும் படங்களால்தான். ஆனால், அப்பறவைக்கு வந்திருக்கும் இடர்களுள் ஒன்று கல்லுடைப்பு. அது அமர்ந்திருக்கும் பாறை தெரியாத படம் அந்த இடரைப் பற்றி எதைச் சொல்ல முடியும்? இனத்தை அறிய ஒரு படம் போதும். அதே குச்சியில் அதே பறவையின் நூறாவது படம் அறிவுக்கு எதையும் சேர்ப்பதில்லை.

நெருங்க வேண்டும் என்னும் வேட்கை நிலத்தை மறைப்பதோடு நிற்பதில்லை. பறவையின் உயிரையும் அது தொடுகிறது. கூட்டருகே நின்று படமெடுக்கும் வழக்கம் இதில் முதன்மையானது. அவ்வழக்கம் பழையது. இங்கிலாந்தில் ரிச்சர்டு கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்னும் உடன்பிறந்தார் இருவர் 1892-இல் முட்டைகளுடன் கூடிய பறவைக்கூடு ஒன்றைப் படமெடுத்துப் புகழ்பெற்றனர். பின்னர் மாட்டுத்தோலைப் பதப்படுத்தி, உள்ளீடற்ற பொய்மாடு ஒன்றைச் செய்து, அதனுள் கேமராவோடு ஒளிந்திருந்தும் படமெடுத்தனர். இந்தியாவில் இ.எச்.என். லோதர் பல்லாண்டுகள் பறவைகளைப் படமெடுத்து, 1949-இல் அதைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். அவர் காலத்துப் படங்களிலும் கூடே மையம். காரணம் எளியது. அன்றைய கேமரா கனமானது. படச்சுருளின் ஒளியுணர்திறன் குறைவு. நெடுந்தொலைவு லென்சு அரிது. பறவை எங்கே வந்து அமரும் என்று உறுதியாகத் தெரிந்த இடம் கூடு ஒன்றே. இன்றைய கருவி நொடிக்கு இருபது படங்களை எடுக்கிறது. பறக்கும் பறவையின் கண்ணைத் தானே கண்டுபிடித்துப் பின்தொடர்கிறது. கூட்டை நாட வேண்டிய தேவை ஒழிந்து நெடுங்காலம் ஆயிற்று; வழக்கம் மட்டும் ஒழியவில்லை.

வறண்ட நிலத்தில் இதன் தீங்கு பன்மடங்கு. வானம்பாடியும் ஆள்காட்டியும் தரையிலேயே முட்டையிடுபவை. குளிர்நாடுகளில் தாய்ப்பறவை முட்டையின்மேல் அமர்வது சூடேற்றுவதற்கு. கோடைக்காலத்து வறள்நிலத்திலோ அது பலவேளை சூட்டைத் தடுப்பதற்கு. ஆள்காட்டி தன் வயிற்று இறகுகளை நீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டைகளைக் குளிர்விக்கும். சித்திரை வெயிலில் வெற்றுத் தரையின் வெப்பம் 50 டிகிரி செல்சியசைத் தாண்டிவிடும். முட்டைக்குள் வளரும் கருவோ 40 டிகிரியைச் சற்றுக் கடந்த வெப்பத்தையே நெடுநேரம் தாங்காது. கேமராவோடு ஒருவர் கூட்டருகே கால்மணி நேரம் நின்றால், தாய் அந்தக் கால்மணி நேரமும் விலகியே இருக்கும். படமெடுத்தவர் தாம் ஒரு புல்லைக்கூட மிதிக்கவில்லை என்ற மனநிறைவோடு திரும்பியிருப்பார். முட்டைகள் பொரிக்காமற் போனதை அவர் அறியமாட்டார். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ தொல்லைப்படுத்துவதையும் வேட்டை என்னும் சொல்லின் வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. சட்டத்தை இயற்றியோர் இதில் தெளிவாகவே சிந்தித்திருக்கின்றனர்.

பதிவு செய்த குரலைச் செல்பேசியில் ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் இத்தகையதே. தன் எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டதாக எண்ணிப் பறவை இரையை விட்டு விரைந்து வருகிறது. இல்லாத எதிரியைத் தேடி அலைகிறது. ஒருவர் ஒருமுறை செய்தால் அது சிறு தொல்லை. ஊர் பெயர் பரவி, வாரந்தோறும் பலர் வந்து அதே புதரின் முன் அதே குரலை ஒலித்தால் அப்பறவைக்கு வாழ்வே போராட்டமாகிவிடும். கோடையில் எஞ்சிய ஒரே நீர்க்குட்டையின் கரையில் காலை முழுவதும் முக்காலியை நிறுத்தி அமர்ந்திருப்பதையும் இவற்றோடு சேர்த்தே எண்ண வேண்டும். தேன்சிட்டுக்கும் சில்லைக்கும் அந்த நீர் படத்துக்கான மேடை அன்று.

வேறு வழியில் சென்றவர்களும் தமிழகத்தில் இருந்திருக்கின்றனர். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான மா. கிருஷ்ணன் (1912–1996) அவர்களுள் முதன்மையானவர். இளமையில் சந்தூர் சமஸ்தானத்தில் பணியாற்றியபோது பெல்லாரிப் பகுதியின் வறண்ட குன்றுகளையும் புதர்வெளிகளையும் அவர் நெருங்கி அறிந்தார். 1950 முதல் இறக்கும் வரை ‘தி ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். பெருங்காட்டு விலங்குகளுக்கு அளித்த அதே கவனத்தை வீட்டுப்புறத்துக் காக்கைக்கும் மைனாவுக்கும் அளித்தார். வண்ணப்படங்கள் பெருகிய காலத்திலும் கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்தார். பல கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று வேடிக்கையாகப் பெயரும் சூட்டியிருந்தார்! கண்ணைப் பறிக்கும் அழகை விட, உயிரினத்தின் வாழ்வைப் பற்றிய செய்தியே அவருக்குப் பெரிதாக இருந்தது. விலையுயர்ந்த கருவி இல்லாததைக் குறையாகச் சொல்வோர் அவர் பணியைத் தேடிப் பார்ப்பது நல்லது.

சிறு பறவையைப் பெருநிலத்தோடு சேர்த்துப் படமெடுத்தால் அது புள்ளியாகத் தெரியாதா என்னும் கேள்விக்குக் கணக்கே விடை சொல்லும். முன்சொன்ன 8 மீட்டர் தொலைவில், 100 மில்லிமீட்டர் லென்சின் சட்டத்துள் ஏறத்தாழ 3 மீட்டர் அகல நிலம் அடங்கும். 13 சென்டிமீட்டர் நீளமுள்ள வானம்பாடி அதில் இருபத்திரண்டில் ஒரு பங்கு இடத்தைப் பெறும். 24 மெகாபிக்சல் கேமராவில் அது 270 படப்புள்ளி நீளம். ஆணா பெண்ணா என்று அறிய அது போதும். கூடவே, அது நடந்த கரம்பு, அதைச் சூழ்ந்த புல், நிழல் தந்த காரைச்செடி, ஆடு மேய்ந்த தடம், எரிந்த தரையின் கருமை எல்லாம் படத்தில் நிற்கும். இத்தகைய படத்தை எடுப்பது எளிதன்று. பறவை, புதர், பாறை, ஒளி ஆகிய நான்கும் பொருந்தி வரும்வரை காத்திருக்க வேண்டும். பின்னணியை மங்கவைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. உண்மையில் கடினமான கலை எது என்பதில் ஐயம் வேண்டியதில்லை.

போடிச் சரிவில் இதற்குக் காட்டுக்குள் நுழைய வேண்டிய தேவையும் இல்லை. 2018 மார்ச் 11 அன்று அருகிலுள்ள குரங்கணி மலையில் பற்றிய தீயில் மலையேற்றத்துக்குச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காய்ந்த புல்வெளியின் இயல்பை அத்துயரம் எல்லார்க்கும் உணர்த்தியது. வனத்துறையின் ஒப்புதலின்றி உள்ளே செல்வது குற்றம். கோடையில் அது உயிருக்கும் கேடு. அடிவாரத்து ஊர்ப் பாதைகளிலும் கரம்பு வெளிகளின் ஓரத்திலும் காலை 9 மணிக்கு முன் அமைதியாக அமர்ந்திருப்பவருக்கே இப்பறவைகளில் பல காட்சி தரும். அசையாத மனிதரைச் சிறிது நேரத்தில் அவை பாறைகளுள் ஒன்றாக எடுத்துக்கொள்கின்றன.

தமிழ்நாட்டில் 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கலை ஒட்டி நான்கு நாள்கள் பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. பள்ளி மாணவரும் அதில் கலந்துகொள்ளலாம். கண்ட பறவைகளின் பெயர், எண்ணிக்கை, இடம், நேரம் ஆகியவற்றைப் பதிவு செய்தால் போதும். அப்பட்டியலோடு, பறவையைக் கண்ட இடத்தின் படம் ஒன்றும் சேருமானால் அதன் பயன் பெருகும். அதற்குச் சாதாரணச் செல்பேசியே போதுமானது. முந்தலுக்கு அருகிலுள்ள ஒரு கரம்பை ஒரே பாறையின்மேல் நின்று ஒவ்வொரு தையிலும் படமெடுத்து வைத்தால், பத்து ஆண்டுகளில் பத்துப் படங்கள் கிடைக்கும். எந்த ஆண்டில் வேலி வந்தது, எந்த ஆண்டில் சாலை அகன்றது, எந்த ஆண்டில் குழி விழுந்தது, வானம்பாடியின் எண்ணிக்கை எந்த ஆண்டு முதல் குறையத் தொடங்கியது என்பன அவற்றிலிருந்து தெரியவரும்.